காற்றில் போட்ட காசும் கணக்குச் சொல்லாத தலைமையும்

பங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் குடும்பங்களில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஊர்க் கோவிலும், பங்குத் தந்தையும், பங்குப் பேரவையும்தாம். எங்கள் இல்லத்திலும் பல்லாண்டுக் காலம் அச்சொல்லுக்கு அந்த ஒரு பொருளே இருந்து வந்தது. பணி ஓய்வுக்குப் பின் இரண்டாவது பொருள் ஒன்றும் வந்து சேர்ந்தது. காற்றாலை மின்சாரம் உற்பத்தி செய்யும் ஒரு சிறு கம்பெனியில் நாங்கள் பங்குதாரர் ஆனோம். அதன் பெயரை இங்கு எழுதுவதற்கில்லை. எழுதத் தேவையும் இல்லை. அதன் தலைமையின் மீது எங்களுக்கு உண்டாகியிருக்கும் மனத்தாங்கல், சிறுதொகையைப் பங்குகளில் போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆதலால் இதனை எழுதத் துணிகின்றோம்.

நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாய் இருந்தவர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் கணக்கு. 2009ஆம் ஆண்டில் கைக்கு வந்த ஓய்வூதியப் பணிக்கொடையில் பெரும்பகுதியை வங்கியில் வைத்துவிட்டு, எஞ்சியதில் 78,000 ரூபாய்க்குப் பங்கு ஒன்று 52 ரூபாய் வீதம் 1,500 பங்குகள் வாங்கினோம். எத்தனையோ தொழில்கள் இருக்கக் காற்றாலையை ஏன் தேர்ந்தோம் எனில், அது எங்கள் கண்முன் வளர்ந்த தொழில். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை அறிவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே குடை விரிப்பவரைக் கண்டால் வெளியூர்க்காரர் என்று கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு புகும்போது வேகம் பெறுகின்றது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் கிழக்கே காற்றாலைகள் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. 1986இல் தூத்துக்குடியில் சோதனை முயற்சியாகக் காற்றாலைகள் நிறுவப்பட்ட காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். பின்னர் முப்பந்தல் பகுதி முழுவதும் வெண்ணிறக் கம்பங்களாய் நிறைந்ததையும் கண்டோம். விலைகொடுத்து வாங்க வேண்டாத காற்றை மின்சாரமாக்கி விற்கும் தொழில் நட்டமடைய வழியேது என்று பலரும் எண்ணிய காலம் அது.

வழி இருந்தது. அதை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். காற்றாலையின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் கிடைத்துவிடுகின்றது. வங்கிக் கடனுக்கான வட்டியோ பன்னிரண்டு மாதமும் ஏறுகின்றது. மின்சாரத்தை வாங்கும் மாநில விநியோக நிறுவனங்கள் நாட்டின் பல பகுதிகளிலும் பல மாதங்கள் பாக்கி வைத்தன. அந்தப் பாக்கிகளை 48 மாதத் தவணை வரையில் தீர்க்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது 2022இல்தான். அதற்கிடையில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ். 2011இல் வணிகம் தொடங்கியபோது காற்றாலைக்கு உரியதன் அடிமட்ட விலை 1,500 ரூபாய். வாங்கக் கடமைப்பட்டவர்கள் வாங்காமையால் சான்றிதழ்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2017இல் அடிமட்ட விலை 1,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கு நாட்டில் முதன்முறையாக ஏலம் நடந்தபோது, யூனிட் 3 ரூபாய் 46 காசுக்குத் தர முன்வந்தவர்கள் வென்றனர். சிறு கம்பெனிகளால் அந்த விலையில் மூச்சுவிட இயலவில்லை.

இவற்றில் எதற்கும் எங்கள் கம்பெனியின் தலைவரை நாங்கள் குறைகூறவில்லை. காற்றும் அரசாணையும் அவர் கையில் இல்லை. 52 ரூபாய்ப் பங்கு 11 ரூபாய்க்கு வந்ததைக் கூட, தொழிலில் இறங்கினால் நனையத்தான் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டோம். 2010இலும் 2011இலும் பங்குக்கு ஒரு ரூபாய் வீதம் டிவிடெண்டு வந்தது, பிறகு இல்லை. அதுவும் போகட்டும்.

எங்கள் குறை வேறு. ஆண்டறிக்கையில் தலைவரின் கடிதம் என்று முதற்பக்கத்தில் ஒன்று வரும். நிழற்படத்தில் புன்னகை மாறுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் கடிதத்தில், அண்டை மாநிலம் ஒன்றில் புதிய காற்றாலைத் தொகுதி எழும் என்றும், அதற்கான நிலத்துக்கு முன்பணம் தரப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார். 2014ஆம் ஆண்டுக் கடிதத்தில் அத்தொகுதி பாதியாகச் சுருங்கியது. 2016ஆம் ஆண்டுக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் கைவிடப்பட்டது, கொடுத்த பணம் எங்கே என்று எவரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, கணக்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ‘மீட்க இயலாத முன்பணம்’ என்று 6 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கைப் பலகையில் ஒட்டாவிட்டால், பந்தல்காரருக்குக் கொடுத்த 500 ரூபாய்க்கும் விளக்கம் கேட்க நாலுபேர் வந்து நிற்பார்கள். ஆறு கோடிக்குக் கேட்பார் இல்லை.

ஆகவே அவ்வாண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செல்வதென்று முடிவு செய்தோம். பதிவு அலுவலகம் எந்த ஊரில் உள்ளதோ அந்த ஊரில்தான் கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கோ அது இரவு முழுவதும் இரயில் பயணம். இருவருக்கும் ஆன போக்குவரத்துச் செலவு, இரண்டு ஆண்டுகள் பெற்ற டிவிடெண்டை எட்டிப் பிடித்தது என்பதை எங்களுள் கணக்கு ஆசிரியை வண்டியிலேயே கூட்டிச் சொல்லிவிட்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள கம்பெனிக்கு முப்பது பேர் நேரில் வந்தால் கூட்டம் செல்லும். வந்தவர்களை எண்ணிப் பார்த்தோம், நாற்பதைத் தாண்டவில்லை. முற்காலத்தில் இத்தகைய கூட்டங்களில் இனிப்புப் பொட்டலமும் அன்பளிப்புப் பையும் தருவார்களாம். 2015 முதல் செயல்முறை விதிகளின்படி அன்பளிப்பு கூடாது. கூட்டம் மெலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அருகில் இருந்தவர் மெல்லச் சொன்னார்.

எழுந்து பேசிய முதல் மூவரும் தலைவரின் தொலைநோக்கைப் புகழ்ந்து அமர்ந்தார்கள். இவர்கள் எல்லாக் கம்பெனிக் கூட்டங்களுக்கும் சென்று புகழ்ந்து பேசுபவர்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. நான்காவதாக எங்கள் கணக்கு ஆசிரியை எழுந்தார்.

“ஐயா, தள்ளுபடி செய்த ஆறு கோடி ரூபாய் யாருக்குக் கொடுக்கப்பட்டது? திரும்பக் கேட்டீர்களா? கேட்டு அவர் என்ன சொன்னார்?”

தலைவர் தம் அருகில் இருந்த கம்பெனிச் செயலரைப் பார்த்தார். பிறகு கனிவோடு, “அம்மா, உங்கள் கேள்வியைக் குறித்துக்கொண்டோம். தனியே பதில் அனுப்புவோம்” என்றார்.

பதில் ஏழு வாரம் கழித்து வந்தது. தங்கள் வருகைக்கு நன்றி என்றும், கேட்ட விவரத்துக்கு ஆண்டறிக்கையின் 64ஆம் பக்கத்தைக் காண்க என்றும் இரண்டே வரி. அறிக்கையை எடுத்துப் புரட்டினோம். 64ஆம் பக்கத்தில் இருந்தது, எங்களைக் கேள்வி கேட்க வைத்த அதே பொடி எழுத்து வரிதான்.

நட்டத்தைக் காட்டிலும் இந்த இரண்டு வரி எங்களை வருத்தியது. பெரிய கம்பெனிகளிலும் பங்குதாரர் ஏமாற்றம் அடைந்ததுண்டு. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் கம்பெனி பங்கு ஒன்று 450 ரூபாய் விலையில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. பிப்ரவரி 11இல் சந்தைக்கு வந்த முதல் நாளே விலை அதற்குக் கீழே போயிற்று. நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. அம்மாத முடிவுக்குள், கம்பெனியை நிறுவியவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு ஐந்து பங்குக்கு மூன்று பங்கு போனசாகத் தருவதென அறிவித்தார்கள். அதனால் எல்லாருடைய இழப்பும் தீர்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பின்னாளில் அப்பங்கு இன்னும் வெகுவாக வீழ்ந்தது. ஆயினும் கூக்குரல் காதில் விழுந்தது என்பதற்கு அது அடையாளம். எங்கள் தலைவரின் காதுக்கு எட்டும் உரத்த குரல் நாற்பது பேருக்கு இல்லை.

2018இல் வந்த கூட்ட அறிவிப்பில் ஒரு சிறப்புத் தீர்மானம் இருந்தது. நிர்வாக இயக்குநரின் சம்பளத்தை ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சமாக உயர்த்துவது. தலைவருக்கு அவர் உடன்பிறந்தவர். இலாபம் இல்லாத ஆண்டில் ஒரு கம்பெனி தன் நிர்வாகிக்குக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு மூலதனத்தின் அளவைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. எங்கள் கம்பெனி அடங்கும் பிரிவுக்கு அது 84 இலட்சம். அதற்கு மேல் கொடுக்கப் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்கு ஆதரவு வாக்குகள் விழ வேண்டும். டிவிடெண்டு நின்று ஏழாண்டு ஆன கம்பெனியில் இப்படிக் கேட்கும் துணிவு எங்கிருந்து வருகின்றது என்று வியந்தோம்.

துணிவின் ஊற்று எங்கே என்பதைக் கணக்கு ஆசிரியை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். தலைவர் குடும்பத்தின் கையில் நூற்றுக்கு 54 பங்கு. வெளியார் கையில் 46. எல்லாரும் வாக்களித்தால் 54க்கு எதிரே 46, தீர்மானம் தோற்றுவிடும். 46இல் 19 மட்டும் எதிர்த்து விழுந்தாலே போதும், தோற்றுவிடும். 18ஐ மூன்றால் பெருக்கினால் 54, அதைத் தாண்டிய ஒவ்வொரு வாக்கும் எங்கள் பக்கம் வெற்றி. வாக்களிக்க இரயில் ஏற வேண்டியதும் இல்லை. கூட்டத்துக்கு முன் மூன்று நாளேனும் மின்னணு வாக்குப்பதிவு திறந்திருக்க வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளையின் உதவியோடு ஐந்து நிமிடத்தில் வாக்களிக்கலாம். நாங்கள் அளித்தோம். இரண்டு நாள் கழித்துப் பங்குச் சந்தையில் முடிவு வெளியாயிற்று. வெளியாரின் 46இல் வாக்களித்தவை 11. அவற்றுள் எதிர்த்தவை 9, ஆதரித்தவை 2. ஆக 56க்கு 9. சம்பளம் உயர்ந்தது.

மீதி 35 பங்கினை வைத்திருப்பவர்கள் யார்? எங்களைப் போல் ஆசிரியர்களாகவும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களாகவும், கணவனை இழந்த தாய்மாராகவும் இருக்கக்கூடும். அறிவிப்பு வந்த உறையைப் பிரிக்காமலே பழைய தாளோடு போட்டிருப்பார்கள். மின்னஞ்சலாக வந்திருந்தால் அதுவும் இல்லை. அவர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பிரிக்கப்படாத உறைகளின் மீதுதான் தலைவரின் நாற்காலி நிற்கின்றது என்பதை அன்று முதன்முறையாக விளங்கிக்கொண்டோம்.

2019இல் வேறு ஒன்று நடந்தது. காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை நிர்வாக இயக்குநரின் மைத்துனர் நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் வந்தது. உறவினரோடு செய்யும் பெரும் ஒப்பந்தத்துக்கு உறவினர் தரப்பு ஒப்புதல் வாக்களிக்க முடியாது என்பது செபியின் விதி. 54 பங்கும் ஓரமாய் உட்கார வேண்டியதாயிற்று. வெளியாரில் வாக்களித்த சிறு தொகையினரே தீர்ப்புச் சொன்னார்கள், தீர்மானம் தோற்றது. அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கலாம்.

பாயசத்தின் இனிப்பு ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. ஆண்டு வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கே பங்குதாரரின் ஒப்புதல் தேவை. அந்த அளவும் ஓர் உறவினரோடு ஓராண்டில் செய்யும் கொடுக்கல் வாங்கலைக் கூட்டிப் பார்ப்பது. எனவே அதே வேலையை மைத்துனரின் நிறுவனத்துக்குப் பாதியும், சகலரின் நிறுவனத்துக்குப் பாதியுமாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் பத்து விழுக்காட்டுக்குச் சற்றே கீழே. சட்டம் மீறப்படவில்லை. எங்கள் வாக்குதான் மிதிக்கப்பட்டது.

2020 முதல் நோய்த்தொற்றைக் காரணமாகக் கொண்டு பொதுக்கூட்டங்களைக் காணொலி வழியே நடத்த அரசு இசைவு அளித்தது. எங்களைப் போன்ற தொலைவூரினருக்கு இது நன்மை என்று மகிழ்ந்தோம். ஆனால் பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒலிவாங்கியைத் திறப்பதும் மூடுவதும் கம்பெனியின் கையில். முதலாண்டு எங்கள் முறை வந்தபோது, “ஐயா, பராமரிப்பு ஒப்பந்தம்...” என்ற அளவில் ஒலி நின்றது. இணையத் தடங்கலாம். அடுத்தவர் தலைவரின் தொலைநோக்கைப் புகழும்போது தடங்கல் ஏதும் இருக்கவில்லை. மண்டபத்திலாவது ஒருவர் எழுந்து நின்றால் நிற்பது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

செபியின் ‘ஸ்கோர்ஸ்’ என்னும் குறைதீர்ப்புத் தளத்தில் முறையிட்டோம். முறையீடு கம்பெனிக்கு அனுப்பப்பட்டது. கம்பெனி 64ஆம் பக்கத்தைக் காண்க என்று எழுதியது. நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த நிலையில்தான் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 151ஆம் பிரிவு எங்கள் கண்ணில் பட்டது. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனியில், முகமதிப்பில் 20,000 ரூபாய்க்கு மிகாத பங்கு வைத்திருப்போர் ‘சிறு பங்குதாரர்’. எங்கள் 1,500 பங்கின் முகமதிப்பு 15,000 ரூபாய். நாங்கள் அதில் அடங்குகின்றோம். இத்தகையோரில் ஆயிரம் பேரோ, அல்லது பத்தில் ஒரு பங்கினரோ, இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டுக் கூட்டத்துக்குப் பதினான்கு நாள்களுக்கு முன் கொடுத்தால், தங்களுக்கென ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கக் கோரலாம். அவர் மூன்றாண்டுகள் வரை இயக்குநர் குழுவில் அமரலாம். ஒரே ஒருவர்தாம், தீர்மானங்களைத் தோற்கடிக்க அவரால் ஆகாது. ஆனால் அறைக்குள் இருப்பார். ஆறு கோடியை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அங்கே கேட்டால் பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். ஒலிவாங்கியை மூட இயலாது.

எங்கள் கம்பெனியின் சிறு பங்குதாரர்கள் ஏறத்தாழ 6,800 பேர். பத்தில் ஒன்று எனில் 680 கையெழுத்து. 2021இல் கட்டணம் செலுத்தி உறுப்பினர் பதிவேட்டின் படி ஒன்றைப் பெற்றிருந்தோம். பெற்றது நன்றாயிற்று; 2022இல் விதி திருத்தப்பட்டு, பதிவேட்டைப் பார்வையிடுவோருக்கு முகவரிகள் காட்டப்படுவதில்லை. தனிமனிதரின் விவரங்களைக் காக்கும் நோக்கம் நல்லதே. எனினும் ஒரு கம்பெனியின் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் வழி அதனால் இன்னும் ஒடுங்கிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிதம் எழுதத் தொடங்கினோம். இந்த இடத்தில் தமிழாசிரியரின் கையெழுத்து பயன்பட்டது. முதலில் அனுப்பிய இருநூறில் முப்பத்தொன்றுக்கு மறுமொழி வந்தது. சில கடிதங்கள் ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பின. ஒன்றில், பங்குக்கு உரியவர் இறந்து நான்காண்டு ஆயிற்று, இந்தப் பங்கு இருப்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும் என்று மகள் எழுதியிருந்தார். அவர்களுக்கு வாரிசு மாற்றத்துக்கான வழியை எழுதி அனுப்பினோம். ஏழாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் டிவிடெண்டும், அதனோடு அந்தப் பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. தந்தை, தாத்தா பெயரில் பழைய பங்குச் சான்றிதழ் பெட்டியில் கிடந்தால் வாசகர்கள் அதை இன்றே எடுத்துப் பார்க்கட்டும்.

இதற்கிடையில் கம்பெனி மீண்டும் பணம் கேட்டது. இரண்டு பங்குக்கு ஒரு பங்கு வீதம், பங்கு 10 ரூபாய்க்கு உரிமைப் பங்கு வெளியீடு. எங்கள் பங்குக்கு 750. செலுத்த வேண்டியது 7,500 ரூபாய். செலுத்தாவிட்டால் கம்பெனியில் எங்கள் வீதம் மூன்றில் ஒரு பகுதி கரைந்துபோகும். வேண்டாதவர் விட்ட உரிமையைத் தலைவர் குடும்பம் வாங்கிக்கொண்டால் 54 என்பது இன்னும் ஏறும். பிறகு 19 போதாது. ஆகவே செலுத்தத்தான் வேண்டும் என்றார் எங்களுள் ஒருவர். ஆறு கோடிக்குக் கணக்குச் சொல்லாதவர் கையில் இன்னும் ஒரு ரூபாயும் வைக்கலாகாது என்றார் மற்றவர். இரண்டு நாள் வீட்டில் பேச்சுக் குறைவாகவே இருந்தது. பங்குகளை மொத்தமாக விற்றுவிட்டு இந்தத் தொல்லையை விடுங்கள் என்றான் மகன். அவன் சொல்வது தவறென்று சொல்ல எங்களிடம் காரணமில்லை. ஆனால் 412 பேர் கையெழுத்திட்டு எங்கள் முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

2020 முதல் இந்த உரிமையைத் தனியே டீமேட் கணக்கு வழியாகச் சந்தையில் விற்கலாம். அதனை விற்றோம். ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்து, தரகு போக 640 ரூபாய் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அஞ்சலகம் சென்று 5 ரூபாய் அஞ்சல்தலை 128 வாங்கினோம். இன்னும் 268 கையெழுத்து வேண்டும். கூட்டம் செப்டம்பர் இறுதியில்.